பூங்காவுக்குள் நாலடி

என் பிரியத்துக்குரிய 'என்னங்க'வுக்கு,

நாற்பது வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்காகப் பேரை எழுதப் போனால் கை கூசுகிறது.

திருநகரில் நாம் குடிவந்தபோது இருந்த வீடுகளில் பாதி இப்போது இல்லை. கோடி வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பிவிட்டார்கள். நம் தெருவுக்கு இன்னும் கொஞ்சம் காற்று வருகிறது என்றால் அது நம் வீட்டை ஒட்டிய பூங்காவால்தான். போன மாசம் அதிலும் ஒருவர் வந்து மனைக்கல் ஊன்றிவிட்டார். அது அவர் மனையாம், அங்கே பூங்காவே கிடையாதாம்.

காலனியின் பழைய வரைபடம் யாரிடமும் இல்லை. அவரவர் வீட்டுப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதியிருக்குமே என்று நான்தான் சொன்னேன். வீடு வீடாகப் போய் பீரோவைத் திறக்கச் சொன்னோம். ஒன்றில் 'கிழக்கே பூங்கா', இன்னொன்றில் 'வடக்கே பூங்கா'. சங்கத் தலைவராக இருக்கும் செல்வம் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் எல்லோருக்கும் காபி போடச் சொல்லி என்னை விரட்டியிருப்பீர்கள்.

நம் பத்திரத்தையும் கொடுத்தேன். அதில்தான் வந்தது வினை. அளக்க வந்த சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "அம்மா, ஒங்க ஸ்கூட்டர் ஷெட்டு நாலடி பூங்காவுக்குள்ள நிக்குதே."

பூங்காவில் ஆடு மேய்ந்தால்கூடச் சண்டைக்குப் போன மனுஷன் நீங்கள். "சும்மா கெடக்குற எடந்தானே, யாருக்கு என்ன நட்டம்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டி வந்தது நினைவிருக்கிறதா? நானும் வாயை மூடிக்கொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தேனே.

"அத விடுங்க மதினி, அண்ணன் கட்டுனது. நாங்க யாரும் பேச மாட்டோம்" என்றார் செல்வம் தம்பி. பெங்களூரிலிருந்து மகனும், "பேசாம இருங்கம்மா" என்கிறான். கல் ஊன்றியவர் சும்மா இருப்பாரா? 'நீங்க நாலடி எடுத்தா சரி, நான் எடுத்தா தப்பா?' என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

நீங்கள் போன மூன்று வருஷமாக சாயங்காலம் அந்த ஷெட்டில்தான் உட்கார்கிறேன். ஸ்கூட்டர் சீட்டில் கை வைத்தால் நீங்கள் இப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்தது போல இருக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே போய் விளக்கேற்றுவேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

இருந்தாலும் நேற்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், இடித்துக்கொள்ளுங்கள் என்று. கையெழுத்துப் போடும்போது உங்கள் மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. நாளைக் காலையில் ஆள் வருகிறார்கள்.

இனி சாயங்காலம் பூங்கா பெஞ்சில்தான் உட்காருவேன். பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டே உட்காருவேன். யாராவது வந்தால், ஆள் வருது என்று சொல்லிவிடுவேன். இதுவும் ஆக்கிரமிப்புதான். அளந்து பார்த்துச் சொன்னாலும் சரி, இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்றும் என்றும்
உங்கள் வீட்டுக்காரி