பேசக் கூடாததைக் கேட்டு வைத்தவளுக்கு

அக்கா, இன்று காலை திருவொற்றியூர் மண்டபத்தில் புது ஃப்ளெக்ஸ் பேனர் சுருளைப் பிரித்தேன். பிரித்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். நீயாக இருந்தால் குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, "இந்த நாத்தம் வந்தாத்தான் எனுக்கு பசியே எடுக்கும்" என்று சொல்லியிருப்பாய். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அந்த வாடையோடு கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நாளைக்குப் பெயிண்டர் கூட்டம், வழக்கம்போல பாட்டு, பரிசு, பிரியாணியோடு. அதே பெயிண்ட் கம்பெனி. உன்னை வேண்டாம் என்று விட்டவர்கள்தான், இப்போது என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் வேறு ஆட்களை வைத்து நடத்திப் பார்த்தார்களாம். பாதி நாற்காலி காலி. புதிதாக வந்திருக்கும் ஆபீசரம்மா போனில், "உங்க ஏரியால மட்டும் முன்னாடி எப்படிங்க குடும்பத்தோட வந்தாங்க?" என்று கேட்டாள். எங்க அக்கா கூப்பிட்டதால் வந்தார்கள் என்றேன்.

உன் வேலையைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. மண்டபத்துக்காரர் எல்லா நாற்காலிக்கும் வெள்ளை உறை மாட்டி வைத்திருந்தார். வந்ததும் வராததுமாக நீ உருவச் சொன்னாய். அவருக்குக் கோபம். நீ சொன்னாய்: "பொழுதன்னிக்கும் எவன் வூட்டு சோபாவுலயோ பெயிண்ட் பட்டுடும்னு பயந்துகினு கீறவன்யா அவன். இங்க வந்தும் பயந்துகினே குந்தணுமா?" அன்று பெயிண்டர்கள் எல்லாரும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான், இது வெறும் பந்தல் போடுகிற வேலை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அதைவிடப் பெரியது உன் கேள்வி. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போவோம். கல்யாணத்துக்கு அழைப்பது போல வீட்டுக்காரியையும் சேர்த்து அழைப்பாய். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பாய்: "அங்க வந்தா எத்த பத்தி பேசக் கூடாது? சொல்லு, நான் பாத்துக்குறேன்."

ஒருவர், பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பார். இன்னொருவர், குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறது, அதை வைத்துக் கேலி பண்ணக் கூடாது என்பார். எர்ணாவூரில் ஒரு ஆள், "என் மச்சான் பக்கத்துல சேர் போடாத. அவ்ளோதான்" என்றார். எல்லாவற்றையும் நீ தலையிலேயே வைத்துக்கொள்வாய். உனக்குக் கையெழுத்து கூடப் போட வராது. அன்றைக்கு அவர்கள் பயமில்லாமல் வந்து, சிரித்து, சாப்பிட்டுப் போவார்கள். கம்பெனிக்காரர்கள் அதை மேடைக்கும் பாட்டுக்கும் கிடைத்த கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக நடத்திய கூட்டத்தைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருக்கும்போது சொல்லவில்லை.

அந்த முறை வீடுகள் அதிகம். எர்ணாவூர்ப் பக்கம் மட்டும் என்னைத் தனியாக அனுப்பினாய். ஐந்தாவதோடு நின்றவள் நான். இருந்தாலும் எழுத்து குண்டு குண்டாக அழகாக வரும். எனக்கு இருந்த ஒரே பெருமை அது. மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், மகளின் பழைய நோட்டில் பேரை எழுதி, பக்கத்தில் எதைப் பேசக் கூடாது என்றும் எழுதிக்கொண்டேன். பெயிண்டர் டில்லி வீட்டில் அவர் சம்சாரம் மஞ்சுளா சொன்னாள்: "அவுரு தம்பிய பத்தி வாயே தொறக்கக் கூடாதுக்கா. பெயிண்ட் அடிக்க சொல்ல மாடில இருந்து வுழுந்து பூட்டான். கயிறு கட்னது இவுருதான்." அதையும் எழுதினேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் கம்பெனியின் அப்போதைய ஆபீசர் தம்பி வந்து பேர் லிஸ்ட் கேட்டார். நீ சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் நோட்டைக் கொடுத்தேன். "முத்து முத்தா எழுதியிருக்கீங்களேக்கா" என்றார். பேரை மட்டும் படித்துச் சொல்கிறேன் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் எழுத்தை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. அவர் ஒவ்வொரு பக்கமாக நின்று படித்தார். பிறகு போனில் படம் எடுத்தார். "இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். எதை என்று எனக்குப் புரியவில்லை. புரியாமல் சிரித்தேன்.

மறுநாள் மதியம் மேடையில் மைக் பிடித்த பெண் டில்லியைக் கூப்பிட்டாள். பரிசு என்று நினைத்து அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். விளக்கைக் குறைத்தார்கள். திரையில் உயரமான ஒரு கட்டடம், அதில் தொங்கும் ஒரு கயிறு. வயலின் சத்தம். "உங்க தம்பியப் பத்தி எங்ககூட ரெண்டு வார்த்தை பகிர்ந்துக்குங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போனது. டில்லியின் கை எதையோ பிடிக்கத் தேடுவது போல இருந்தது. பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை.

மஞ்சுளா எழுந்து, "ஏய், இன்னா கேக்குற நீ?" என்று கத்தினாள். அதற்குள் நீ மேடை ஏறிவிட்டாய். ஒரு கால் செருப்பு படியிலேயே கழன்றுவிட்டது. மைக்கைப் பிடுங்கி, "சாப்பாடு ரெடியா கீது. பிரியாணி ஆறிகினு கீது. எல்லாரும் எய்ந்திரிங்க" என்றாய். பின்பக்கமிருந்து சமையல்காரர், "யக்கா, இன்னும் தம்மே ஒடைக்கலக்கா!" என்று அலறினார். "அப்ப ஒட!" என்று மைக்கிலேயே சொன்னாய். கூட்டம் சிரித்தபடி எழுந்தது. அத்தனை நாற்காலியும் நகர்ந்த சத்தத்தில் டில்லியும் மஞ்சுளாவும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனதை நான் பார்த்தேன்.

ஆபீசர் தம்பிக்கு முகமே மாறிவிட்டது. "ஹால் முழுக்க கண்ணு கலங்கியிருந்துச்சு. அந்த எமோஷனை கெடுத்துட்டீங்களே" என்றார். நீ சத்தம் போடவில்லை. "தம்பி, அயுறதுக்கு எங்களுக்கு கம்பெனி வோணாம். அத்த வூட்லயே நல்லா அயுவோம். ஆட்டோ புட்சிகினு இம்மாந்தூரம் வர்றது கொஞ்ச நேரம் சிரிக்கத்தான்" என்றாய். அதோடு அந்தக் கம்பெனி வேலை போயிற்று. அதற்குப் பிறகு காது குத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பந்தல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. "நாளைக்கு எர்ணாவூர் போவணும்" என்று மட்டும் சொன்னாய். மறுநாள் காலை எனக்குக் காய்ச்சல் என்று மகளிடம் சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. நீ தனியாகப் போய் வந்தாய். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம். அப்படியும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அத்தோடு சரி. உன்னைத் தூக்கும்போது எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொல்லாமல் எப்படி அழுவது என்று இருந்தது.

இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டதும் ஆபீசரம்மாவிடம் ஒன்று சொன்னேன். வருகிறவர்களைப் பற்றி எதுவும் எழுதித் தர மாட்டேன், பேரும் எண்ணிக்கையும் மட்டும்தான். சரி என்றாள். பிறகு முதல் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு டில்லி வீட்டுக்குத்தான் போனேன். துரத்தினால் துரத்தட்டும், இவர் வரவில்லை என்றால் நானும் இந்த வேலையைச் செய்யப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

டில்லி வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அந்த நோட்ல எழுதுனது நான்தாண்ணா. குடுத்ததும் நான்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மறுநாளே அக்கா வந்துச்சு" என்றார். "தான்தான் எழுதிக் குடுத்துட்டதா சொல்லி, என் கைய புட்சிகினு நின்னுச்சு."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து மஞ்சுளா வந்தாள். "அதுக்கு எய்த தெரியாதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். யார் எய்தி இருப்பாங்கன்னும் தெரியும். நீ வருவ வருவன்னு பாத்தோம். ரெண்டு வருசமா எர்ணாவூர் பக்கமே தல காட்டல நீ" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கேதான் அக்கா, உனக்காக அழுதேன். அவர்கள் வீட்டுப் படியில், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க.

கிளம்பும்போது கேட்காமல் வந்துவிடலாமா என்று இருந்தது. கேட்டேன். "அங்க வந்தா எத்த பத்தி பேசக் கூடாதுண்ணா?"

டில்லி கழுவிய பிரஷைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார். தம்பியைப் பற்றி இல்லை, வேறு ஒன்று. அதை நான் நோட்டில் எழுதவில்லை. இந்த மடலிலும் எழுதப் போவதில்லை.

மொத்தம் அறுபது வீட்டுக்குப் போய் வந்தேன். எனக்கு உன் அளவுக்கு ஞாபகம் இல்லை. நேற்று சடையங்குப்பத்து வீடு ஒன்றின் பதில் சுத்தமாக மறந்துவிட்டது. பஸ் பிடித்துத் திரும்பப் போனேன். அந்த வீட்டம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். "இத்த கேக்கவா மறுபடியும் வந்த? போன்ல கேக்கறதுதானே?" என்றாள்.

"எதிர்ல நின்னு கேட்டாதான் மனசுல நிக்குது" என்றேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொன்னாள்.