பசளைப் பையால் எழுதியது

ஒக்டோபர் 19

மகள் பிரியங்கினி வாங்கித் தந்த கொப்பி. எழுபத்தொரு வயதில் எழுதப் பழகி ஏழு மாதம். ஒரு பக்கம் எழுதி முடிக்க இரண்டு தரம் வெற்றிலை போட வேண்டியிருக்கிறது.

இன்று எங்கள் சொந்தக்காரப் பிள்ளை நிருசாவின் கலியாணம். தங்கச்சி மகன் நிசாந்தன் ட்ரோன் கமராவோடு வந்திருந்தான். கலைந்த தேன்கூடு மாதிரி தலைக்கு மேலே இரைந்தது. "சிரிச்சுக்கொண்டு கை காட்டுங்கோ மாமா!" எல்லாரும் காட்டினோம். பிறகு படத்தைக் காட்டினான். மண்டப முற்றத்தில் பூவால் எழுதிய பெயர், வானத்திலிருந்து. நி-ரு-சா. நானே வாசித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை!

சனம் மாப்பிள்ளையைப் பார்த்தது. நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 4

வயல் விதைத்தாயிற்று. இனி மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க ஏலாது. ஆற்றோரத்து மேய்ச்சல் தரைக்கு வந்துவிட்டோம், நானும், அண்ணன் முறையாகக் காக்கா என்று நான் கூப்பிடுகிற மூதூர் றஊபும். முப்பது வருடமாக அவர் மாடும் என் மாடும் ஒரே பட்டி. கொப்பியைக் கண்டதும் தொடங்கிவிட்டார்.

"மாட்டுக்கா தம்பி காயிதம் எழுதுறாய்?"

"உங்களைப் பற்றித்தான் காக்கா. வாசிக்கத் தெரியாத ஆளைப் பற்றி என்னவும் எழுதலாம்."

அவருக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மருந்துக் குப்பிகளை ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் வைத்திருக்கிறார்.

நவம்பர் 27

மழை. நேற்றும் மழை.

நவம்பர் 28

விடியப் பார்த்தால் சுற்றிவரத் தண்ணீர். கன்றுகளை மேட்டில் ஏற்றிவிட்டு வந்தோம். முட்டியைக் காணவில்லை. மருந்தெல்லாம் ஆற்றோடு. போனும் செத்துவிட்டது. "ரெண்டு நாள் தாங்குவன்" என்கிறார் காக்கா. தாங்குவாரா?

நவம்பர் 29

காலையில் ட்ரோன் வந்தது! கலியாண வீட்டில் செய்ததுபோல இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கை காட்டினோம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது. படகு வரும் என்று இருந்தோம். பின்னேரமாகியும் இல்லை.

அட மடையா. சிரிச்சுக் கை காட்டினால் ஆர் வருவான்? சுகமா இருக்கிறாங்கள் எண்டு நினைச்சுப் போயிருப்பாங்கள். காக்கா குடிச்சதையெல்லாம் சத்தி எடுக்கிறார். தண்ணி தண்ணி எண்டு கேக்கிறார். கதையும் குறைஞ்சு போச்சு. அந்த மனிசன் கதைக்காமல் இருந்து நான் கண்டதில்லை. என்ன செய்வன்?

மேலேயிருந்து எழுத்துத் தெரியும். நிருசாவின்ர பேர் தெரிஞ்சதே!

நவம்பர் 30

விடிந்ததும் தொடங்கினேன். வயலுக்கு உரம் வந்த, நாங்கள் படுக்க விரிக்கிற வெள்ளைப் பசளைப் பைகளைக் கத்தியால் கீறி, சேற்றில் பரப்பி எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாடு படுக்கிற அளவு. ம. ரு. ந் - அதன் புள்ளிக்குச் சோற்றுப் பானை மூடி. நாம்பன் மாடு ஒன்று வந்து 'ரு'வை மிதித்தது. துரத்திவிட்டுத் திரும்ப எழுதினேன். கடைசி எழுத்து 'து'. அதில் ஒரு கோடு இழுக்கப் பை இல்லை. என் இடுப்புச் சாரனோ சேற்று நிறம்.

"எங்க குறையுது?" என்றார் காக்கா. காட்டினேன். வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரனுமாகத் தவழ்ந்து வந்து, அந்த இடத்தில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"எழும்புங்கோ காக்கா, ஈரம்!"

"நிக்க ஏலாதவன் படுக்கிறதில என்ன? கோடு நேரா இரிக்கா, அதைப் பார்."

இரைச்சல் கேட்டது. நான் கை காட்டவில்லை. சிரிக்கவில்லை. எழுத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டே நின்றேன். அது கீழே கீழே இறங்கி வந்தது.

மதியத்துக்கு முன் படகு. மருந்தும் அதில் இருந்தது.

டிசம்பர் 6

நிசாந்தன் படம் கொண்டு வந்தான். வெள்ளத்தில் ஆட்களைத் தேட இரண்டு நாளும் ட்ரோன் பறக்கவிட்டது அவன்தானாம். "முதல் நாள் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள் மாமா. பிரச்சினையில்லை எண்டு மற்றப் பக்கம் விட்டுட்டன்." கண் கலங்கினான்.

"நீ பழக்கினதைத்தானே செய்தனான்" என்றேன்.

என் கையெழுத்தை நான் மேலேயிருந்து பார்த்தது இதுதான் முதல். கொஞ்சம் கோணல். ஆனால் மருந்து என்றுதான் இருக்கிறது.

டிசம்பர் 14

காக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மூதூருக்குப் போய்ப் படத்தைக் கொடுத்தேன்.

"நான் எங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மிச்ச எழுத்தெல்லாம் எப்ப காட்டித் தருவாய்?"

டிசம்பர் 21

இன்று காக்காவின் 'ரு' சரிவரவில்லை. மாடு மிதித்ததுபோல இருக்கிறது என்றேன்.

"உன்ர ருவையும் மாடு மிதிச்சதுதானே தம்பி. படகு வரல்லியா?"