லொறியில் போன சைக்கிள் வீரன்

ஆனி, சனிக்கிழமை இரவு

லண்டனிலிருந்து வந்திருக்கும் மச்சான் ரமணனைப் போல வெட்கமில்லாத ஒருவனை நான் கண்டதில்லை. பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரை வழியே சைக்கிளில் போகப்போவதாக ஊரெல்லாம் தமுக்கடித்தவன் அவன்தான். மணற்காடு தாண்டியதும் எதிர்க்காற்று அடித்தது. உடனே மீன் லொறி ஒன்றை மறித்து, சைக்கிளோடு ஏறிவிட்டான்.

"நீ சைக்கிளை ஓடு மச்சான், நான் உனக்குப் பின்னாலை லொறியிலை நிண்டு வீடியோ எடுக்கிறன்" என்றான்.

நான் சைக்கிள் ஓடினேன். கொஞ்சத் தூரம் என் முதுகைப் படம் எடுத்ததும் லொறி என்னை முந்திப் போய்விட்டது. வழியில் நாகர்கோவில் கிராமத்தில் தெருவை மணல் மூடியிருந்த இடங்களில் தள்ளிக்கொண்டு நடந்தேன். கால் நடுங்கச் சுண்டிக்குளம் போய்ச் சேர்ந்தபோது, அவன் போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வியர்த்தவன் மாதிரிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வெக்கமில்லையோடா?"

"ஆர் கண்டது?" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு வீடியோவைக் காட்டினான். இருவருக்கும் அவன் வாங்கியிருந்த ஒரே மாதிரிச் சட்டையில் சைக்கிள் ஓடுவது நான். வீடியோவில் போட்டிருக்கும் பெயர் அவனுடையது. பெற்ற பிள்ளையின் முதுகு அம்மாவுக்குத் தெரியவில்லை. "பாவம், என்ன மாதிரிக் களைச்சுப் போனான்" என்று சொல்லி, அவனுக்கு முட்டை பொரிக்கப் போனார்.