ஏழு வரிக்கு விளக்கவுரை

வெனிஸ், 1497, மார்ச் 6

தெயோபிலோ பண்டிதர் இன்றும் ஒரு கட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியர் ஒருவர் சிறையில் சாவுக்குக் காத்திருந்தபோது எழுதிய தத்துவ நூல் பக்கத்தின் நடுவில். இவருடைய உரை அதைச் சுற்றி. அதுதான் பேச்சு. இப்போது நடுவில் இரண்டே வரி, மீதியெல்லாம் இவர்! அச்சுக் கோக்கும் போர்த்தொலோ கேட்கிறான்: "அம்மா, செத்தவர் எழுதினது இதுல எங்க இருக்கு?"

மார்ச் 15

'காற்று' என்ற ஒரு சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம். காற்று அடிக்கும் என்று எவனுக்குத் தெரியாது? குறைக்கச் சொன்னால், "நீங்க அச்சடிங்க, யோசிக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்கிறார். என் கணவர் இருந்தால் இவரைக் கால்வாயில் தள்ளியிருப்பார். அவரோ அச்சகத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மார்ச் 28

பண்டிதர் மனைவிக்குக் காய்ச்சலாம். "அப்ப வீட்டுக்குப் போங்களேன்!" என்றேன்.

"சனெத்தா விரட்டிட்டா. உங்க முணுமுணுப்ப அச்சாபீஸ்ல வச்சுக்கங்கன்னுட்டா."

புண்ணியவதி. அவள் நிம்மதிக்கு நான் பலி.

ஏப்ரல் 11

ஒரே ஒரு தாள் பாக்கி. சிறையில் இருப்பவர் தன் மனைவியை நினைக்கும் இடம். ஏழே வரி. அதற்கு உரை வரவில்லை, ஆளையும் காணோம். விண்ணேற்றத் திருநாள் சந்தைக்குப் புத்தகம் வராவிட்டால் இதே நூலுக்கு மிலான்காரன் போடும் பதிப்பு முந்திக்கொள்ளும். அப்புறம் அச்சகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஏப்ரல் 17

ஆள் அனுப்பினேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வேண்டாத இடத்திலெல்லாம் எழுதித் தள்ளிய மனுஷன் — இப்போது என்ன கேடு வந்தது?

ஏப்ரல் 20

வாய் நிறைய வசவோடு நானே படகேறிப் போனேன். அடுப்பு எரியவில்லை. சனெத்தாவைப் போன வாரமே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மேசையில் அந்தத் தாள். ஏழு வரி, சுற்றிலும் வெள்ளை.

"எத்தனையோ தடவ உக்காந்தேன், பெட்ரோனிலா. ஒண்ணும் வரல. அவர் சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

வசவையெல்லாம் விழுங்கிவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் அழுகை. எரிச்சலும்தான் — இந்தப் புத்தியைக் 'காற்று' வந்தபோதே காட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

ஏப்ரல் 21

சுற்றிலும் எழுத்தே வேண்டாம், மை படாத வெறும் மரக்கட்டைகளை வைத்து இறுக்கு என்றேன். போர்த்தொலோ முறைத்தான்.

"காலியா விட்டா நாம கோட்டை விட்டுட்டோம்பாங்க, அம்மா."

"சொல்லிட்டுப் போகட்டும்."

மே 6

சந்தையில் நல்ல கூட்டம். மிலான்காரன் இன்னும் வந்து சேரவில்லை. பதுவா நகரத்து வக்கீல் ஒருவர் அந்தப் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்தார்.

"இங்க உரை விட்டுப்போச்சு. விலையைக் குறைங்க."

"எதுவும் விட்டுப்போகல. படிச்சுப் பாருங்க."

நின்றபடியே படித்தார். முழு விலையையும் எண்ணி வைத்தார்.

என் பின்னால் முக்காலியில் பண்டிதர். "காத்துக்கு இன்னும் ரெண்டு வரி சேத்திருக்கலாம்" என்று காலையிலிருந்து முணுமுணுப்பு. பிராணனை வாங்குகிறார். ஆனாலும் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.