ஆமென் சொல்ல ஆளில்லாத வீட்டிலிருந்து

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், இடது முழங்காலைக் கேட்டால் அது வேறு சொல்லும். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விடியலில் நான் ஆண்டவரிடம் முதலில் கேட்பது, நான் கேட்டதை அவர் கொடுத்திருந்தால் நீ நன்றாகவே இருப்பாய். நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. போனில் பழுதில்லை, என் காதிலும் பழுதில்லை, கோபம், அவ்வளவுதான். உன் அம்மா இருந்திருந்தால் 'அப்பா குளிச்சிட்டு இருக்காரும்மா' என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். எனக்குச் சமாளிக்கத் தெரியாது, பொய்யும் வராது, அதனால் போன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது ஓய்ந்த பிறகு வீடு முன்னைவிடச் சத்தமில்லாமல் ஆகிவிடுகிறது. அதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டியது, நானே வாஷர் மாற்றினேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது, எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் கை வரவில்லை, எப்படிச் செய்தாலும் மிஞ்சுகிறது, மிஞ்சியதை மறுநாள் சாப்பிடுகிறேன், மறுநாள் செய்ததும் மிஞ்சுகிறது. நம் கட்டடத்து லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு உதறு உதறித்தான் நிற்கிறது. பராமரிக்க வருகிறவர்களிடம் பிரேக்கைப் பாருங்கள் என்றேன். 'பெரியவரே, ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல, வீட்ல நிம்மதியா உக்காருங்க' என்றார்கள். நிம்மதியாக உட்காருவது சுலபம் என்று நினைக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன்.

ஒரு ஆமெனுக்காக இவ்வளவு கோபமா என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். நம் வீட்டுக் காலை ஜெபம் உனக்கு மறந்திருக்காது. நான் ஜெபிப்பேன், ஆமென் மட்டும் நான் சொல்ல மாட்டேன், அம்மாவும் நீயும் சொல்வீர்கள். அம்மா ஜெபித்தால் நான் சொல்வேன். இப்படி ஒரு சட்டம் வேறு எந்த வீட்டிலும் இல்லை என்று நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே என்னோடு வாதாடியிருக்கிறாய். இருக்காதுதான், ஏனென்றால் இது நான் லிஃப்ட் வேலையில் கற்றது. நான் மேலே மோட்டார் அறையில் நிற்பேன், கூட்டாளி கீழே லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கியிருப்பான். 'விடலாமா?' என்று நான் கத்த வேண்டும், 'விடு!' என்று அவன் கத்த வேண்டும், அந்தக் குரல் வந்தால்தான் பெட்டியை நகர்த்தலாம். வராவிட்டால் எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டியதுதான். தானே கேட்டுத் தானே சரி என்று முடிவு செய்துகொண்ட ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன், அவரால் குழியில் இருந்தவருக்கு ஒரு கை இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து நான் கேட்டதற்கு நானே சரி சொல்லிக்கொள்வதில்லை. மனிதரிடம் கேட்டாலும் அப்படித்தான், ஆண்டவரிடம் கேட்டாலும் அப்படித்தான். இன்னொரு குரல் வர வேண்டும், அதுதான் ஆமென்.

அம்மா போன பிறகு, ஜெபம் முடிகிற இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் நிறுத்திக் காத்திருப்பேன். வராது. பாதி வேலையில் கருவிகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்ததைப் போல அன்று முழுக்க ஒரு குறை இருக்கும். சபையில் விடியற்கால ஜெபக்கூட்டம் இருந்தவரை அங்கே போய் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன். அதையும் போதகர் நிறுத்திவிட்டார், ஆள் வருவதில்லையாம். அப்படியானால் தினமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்த நான் ஆளில்லையா? இப்போது அந்த வேளையில் அவர் தன் குரலைப் பதிவு செய்து எல்லாருக்கும் போனில் அனுப்புகிறார், பின்னால் இசை வேறு, கேட்டவர்கள் கைகூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். படத்துக்கு வாய் உண்டா? அதனால்தான் உன்னிடம் வந்தேன். விடியலில் நான் போனில் ஜெபிக்கிறேன், கடைசியில் நீ ஆமென் சொன்னால் போதும் என்றேன். உனக்கு அது வேலை நேரம், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து இயந்திரங்கள் பின்னால் இரைவது எனக்குக் கேட்கத்தான் செய்தது, ஆனாலும் நீ சரிப்பா என்றாய். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக அம்மாவிடம் வந்தேன். 'இவளை உம்மிடம் கொடுத்துவிட்டு நான்' என்பது வரை வந்து, அதற்கு மேல் வார்த்தை வராமல் நின்றேன். முடித்துவிட்டதால் நிற்கவில்லை. நீ ஆமென் என்றாய். அதே மூச்சில் யாரிடமோ 'அந்த மூட்டைய இந்தப் பக்கம் தள்ளுங்க' என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். உனக்கு வேலை இருந்தது, தெரியும், நீ வேண்டுமென்று செய்யவில்லை, அதுவும் தெரியும். தெரிந்தாலும் குழிக்குள் ஆள் இருக்கும்போது பெட்டியை விட்டதைப் போலத்தான் எனக்கு இருந்தது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அதற்குப் பிறகு போதகர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார், நீதான் சொல்லி அனுப்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். 'ஐயா, நீங்களே ஆமென் சொல்லிக்கலாமே, வேதத்துல எங்கயும் தடை இல்லையே' என்றார். பள்ளிக்கூடம் எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான், ஆனால் வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து மறுபடி முதலிலிருந்து படிக்கிறவன் நான். நானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எங்கேயும் இல்லை என்றேன். டீயைக் குடித்து முடித்து, 'உங்கள மாத்த அந்த ஆண்டவரே இறங்கி வரணும்' என்று சிரித்துக்கொண்டே போனார். அதைத்தானே நானும் தினமும் கேட்கிறேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். ஜெபத்தைச் சொல்லி முடிவுக்கு வந்து காத்திருப்பேன், ஆமென் வராது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். என் குரல் மோட்டார் அறையிலிருந்து குழிக்கு எட்டப் பழகிய குரல், உனக்குத் தெரியாததில்லை. நம் மேல்வீட்டில் பேக்கரிக்காரர் ஒருவர் குடிவந்திருக்கிறார், இரவெல்லாம் அடுப்போடு நின்றுவிட்டு விடியலில்தான் வந்து படுப்பார். ஒருநாள் மாவு ஒட்டிய பனியனோடு வாசலில் வந்து நின்றார். 'ஐயா, ஒரு ஆமென் கிடைச்சா முடிச்சிருவீங்களா? இந்தாங்க ஆமென். நாளைக்கும் சேர்த்து ஆமென். கொஞ்சம் தூங்க விடுங்க, புண்ணியமாப் போகும்' என்றார். ஜெபத்தைக் கேட்காமல் சொல்கிற ஆமென் எனக்கு வேண்டாம், அப்படி ஒன்று எனக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது என்றேன். உன்மேல் இருந்த கோபமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. மனிதர் விடவில்லை. 'கேக்காமலா? எனக்கு மனப்பாடமே ஆயிருச்சுங்க. உங்க பொண்ணுக்கு இடுப்புவலி, அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கல, சோப்புத் தண்ணியில கைத்தோல் உரியுது, வேலை முடிஞ்சு இருட்டுல தனியா நடந்து வருது. இதுல எதை நான் கேக்கல, சொல்லுங்க?' என்றார். போகிற போக்கில் படியிலிருந்து திரும்பி, 'அந்தப் பொண்ணு போன் அடிக்கிறதும் மேல கேக்குது, நீங்க எடுக்காம இருக்கிறதும் தெரியுது. அவளப் பத்தி ஆண்டவர்கிட்டயே திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு, ஒரு தடவ அவகிட்ட பேசினா நானும் தூங்குவேன், அவரும் கொஞ்சம் கண் அசருவார்' என்றார். அதிகப்பிரசங்கி. கதவைச் சாத்திவிட்டேன்.

என் வீட்டு விஷயம் மேல்வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காக அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் ஜெபிக்க உட்கார்ந்தேன். அவர் தூக்கத்துக்காக அல்ல. மகளே, வாயை மூடினால் எனக்கு ஜெபம் வரவில்லை. என் குரல்தான் முன்னால் போய் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது போல. நாற்காலியில் உட்காருவேன், வேதத்தைத் திறந்து படிப்பேன், மூடுவேன், கண்ணையும் மூடுவேன், உள்ளே ஒன்றுமிருக்காது. எதிரே அம்மாவின் நாற்காலி. முன்பெல்லாம் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து அவள் நெளிவாள், நானும் சீக்கிரம் முடிப்பேன். இப்போது யாருக்கும் எங்கேயும் போக வேண்டிய அவசரமில்லை. எழுந்துவிடலாமா என்று தோன்றும். எழுந்து எங்கே போவது, அடுத்த அறையிலும் நான் ஒருவன்தானே இருப்பேன். அதனால் உட்கார்ந்தேன். இதைப் பக்தி என்று எடுத்துக்கொள்ளாதே, வீம்புதான். வருவதாகச் சொன்ன வேளைக்கு நான் வந்துவிட வேண்டும், ஆண்டவர் வருவதும் வராததும் அவர் பாடு. 'வந்துட்டேன்' என்று மட்டும் உள்ளுக்குள் சொல்வேன், காலையில் வேலைக்குப் போனதும் மேஸ்திரியிடம் தலையைக் காட்டுவதைப் போல. அதற்கு மேல் ஒன்றும் கேட்க வராது. வெளிச்சம் வரும்வரை இருந்துவிட்டு எழுவேன். அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. இப்படியே நாட்கள் போயின.

போன வாரம் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், இரண்டு கையிலும் தோல் உரிந்து மருந்து தடவியிருந்தாள். 'இவளுக்கும் ஒரு வழி பண்ணும்' என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று கவனித்தேன். விடியலில் உட்கார்ந்தது இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆமென் வரவில்லையே, எப்படி முடியும்? முடியாததால் அது என்னோடேயே எழுந்து, பூட்டைப் பூட்டி, பஸ் ஏறி, அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுக்க ஜெபத்தில் இருக்க வேண்டும் என்று போதகர் பிரசங்கித்தபோது, சாப்பிட வேண்டாமா என்று நான் உன் அம்மாவைக் கேட்டேன். 'சாப்பிடும்போதும் உங்க வாய் ஓயறதில்ல, அந்தப் பேச்ச அவர் பக்கம் திருப்பி விட்டாப் போதும்' என்றாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது கடையில், படியில், பாத்திரம் கழுவும்போது பேச்சு அந்தப் பக்கம் தானாகத் திரும்புகிறது, பாதியும் முக்காலுமாக. அம்மாவைப் பற்றி அன்றைக்கு நின்றுபோன இடத்துக்கும் போய் வருகிறேன். அதற்கு மேல் வார்த்தை இன்னும் வரவில்லை, ஆனால் அங்கேயிருந்து ஓடாமல் நிற்க முடிகிறது. ஆவிக்குரிய பலம் என்று பெரியவர்கள் சொல்வது இதுதானா என்று எனக்குத் தெரியாது, வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். தனிமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அது அப்படியே இருக்கிறது, சாயங்காலம் விளக்குப் போடும்போது அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார் என்று சில காலைகளில் தெரிகிறது. எல்லாக் காலையும் இல்லை.

நீ ரயிலில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு தியானச் செய்தி கேட்பதாகச் சொன்னாய், நேரம் இல்லையப்பா என்றாய். கேள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதிலும் இன்னொருவர்தானே பேசுகிறார். யாரும் பேசாத கொஞ்ச நேரம் வேண்டும், எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன்னால் உன் கட்டில் ஓரத்திலேயே உட்கார், வேதத்தில் கொஞ்சமாகப் படி, பிறகு சும்மா இரு. ஒன்றும் வரவில்லை என்று சொல்லி எழுந்துவிடாதே, வராத நாளில் உட்காருவதுதான் உட்காருவது. கைக்கு எண்ணெய் தடவாமல் படுக்காதே. கையுறை கிழிந்தால் மேலதிகாரியிடம் சத்தம் போட்டு வேறு வாங்கு, என் மகள்தானே, சத்தம் வரும். இடுப்புவலியோடு மூட்டைகளைத் தூக்காதே, தள்ளச் சொல், அதை நீ நன்றாகச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக, இருட்டில் நீ நடந்து வருகிற தெருவில் உன் கூடவே நடப்பாராக, உன் அறையில் நீ தனியாக இருக்கும்போது இன்னொரு நாற்காலியில் உட்காருவாராக. ஆமென் சட்டம் மாறவில்லை, நான் இருக்கும்வரை மாறாது, போதகரிடமும் அதைச் சொல்லிவிடு. ஆனால் ஒன்று. உன்னைப் பற்றி நான் தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இதை எழுதும்போதும் ஓடுகிறது, முடிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. அதனால் நீ எப்போது கூப்பிட்டாலும் ஜெபத்தின் நடுவில்தான் வருவாய், முந்திவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். இனிமேல் போனை எடுக்கிறேன். இயந்திரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடு.

இப்படிக்கு,
உனக்காகத் தொடங்கியதை முடிக்காமல் வைத்திருக்கும்
அப்பா