சொந்தக்காரர் அல்லாத ஒருவர்

ஜனவரி 11, சனி

அக்காவுக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் நடக்கப்போகும் கலைச்சந்தையில் 'வளர்ந்துவரும் கலைஞர்கள்' பகுதிக்குத் தன்யா செல்லையன் தேர்வாகியிருக்கிறாள். வீட்டார் எல்லாருக்கும் கேட்கும்படி நான் உரக்க வாசித்தேன். அப்பா ரப்பர் வெட்டு முடித்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"சந்தை எண்ணா நாம கடை போடணுமா மக்கா?"

கேலரி என்பது படங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் இடம் என்றும், சேகரிப்பாளர்கள் என்பவர்கள் படங்களை வாங்கி வீட்டில் மாட்டிவைக்கும் பணக்காரர்கள் என்றும் விளக்கினேன். "நாமளும் காலண்டர் மாட்டியிருக்கமே," என்றார். விளக்கத்தில் ஏதோ குறை இருக்கிறது.

அம்மா முந்திரி ஆலையிலிருந்து வந்ததும் நிபந்தனையைச் சொன்னாள். மார்த்தாண்டத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் அக்காவுக்கு வேலை பேசியாகிவிட்டது. பிப்ரவரி மூன்றாம் தேதி சேரவேண்டும். அதற்குள் ஒரு படமாவது விற்றால் இன்னும் ஒரு வருடம் வரைந்துகொள்ளலாம்.

"ஆனா சொந்தக்காரங்க வாங்கினா கணக்கில்ல, கேட்டியா. சொந்தக்காரன் வாங்கினா அது பாசம். அறியாத ஒருத்தன் வாங்கினாத்தான் அது வேலை."

கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை அக்கா படம் வாங்கியவர்களை நினைத்துப் பார்த்தேன். அம்மாவின் அண்ணன் ராஜப்பன் மாமன் ஒன்றை வாங்கித் தன் ஜீப்பில் ஒட்டியிருக்கிறார். சித்தி ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அம்மா சொல்வதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

ஜனவரி 22, புதன்

எங்கள் பாறசாலைப் பள்ளியிலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகளைச் சந்தைக்குத் தொண்டர்களாக அனுப்புகிறார்கள். நான் முதல் ஆளாகக் கைதூக்கினேன். பதினாறு பக்க விதிப்புத்தகம் கொடுத்தார்கள். முழுவதும் வாசித்தேன். மற்ற பிள்ளைகள் அதை விசிறியாகப் பயன்படுத்தினார்கள்.

சந்தை நடக்கும் இடம் ஒரு கல்யாண மண்டபம். சென்னை, பெங்களூர் கேலரிகளுக்குப் பெரிய ஹால். வளர்ந்துவரும் கலைஞர்களுக்குச் சாப்பாட்டு ஹால். கைகழுவும் தொட்டிகளுக்கு மேலே அக்காவின் சுவர். கொச்சியிலிருந்து வந்திருக்கும் ஸ்வப்னா மேடத்தின் கேலரிதான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மேடம் குழாய்களைப் பார்த்து, "அசல் சூழல்! மறைக்காதீர்கள்," என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

திறப்பு விழா. மண்டபத்தைக் கண்டதும் கல்யாணம் என்று நினைத்து ஒரு தம்பதி அன்பளிப்புக் கவரோடு உள்ளே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்கள். நான் நிலைமையை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா, "அப்ப பொண்ணு எங்க?" என்றார்.

அக்காவின் பெரிய படத்துக்குப் பெயர் 'கொடி'. எங்கள் வீட்டுக் கொடியில் ரப்பர் ஷீட்டுகளும் அம்மாவின் நைட்டியும் சேர்ந்து காய்கிற படம். பக்கத்தில் ஸ்வப்னா மேடம் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறார்: 'எல்லை நிலத்தில் உழைக்கும் பெண்ணுடலின் இல்லாமை.' மாலையில் அம்மா வந்தபோது அதை வாசித்துக் காட்டினேன்.

"இல்லாமையா? நான் கொடிக்குப் பொறத்தாலதான் நிண்ணேன், துணி உலத்திக்கிட்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி தன்யா, கை கிழிஞ்ச நைட்டிதான் கிடைச்சா ஒனக்கு?" என்றாள்.

டாக்டர் மோகனன் என்று ஒரு சேகரிப்பாளர். நெய்யாற்றின்கரையில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். 'கொடி'யின் முன்னால் வெகுநேரம் நின்றார். அக்கா மூச்சுக்கூட விடவில்லை. கடைசியில் அவர் திரும்பி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஜனவரி 25, சனி

ஒன்றும் விற்கவில்லை. டாக்டர் மறுபடி வந்தார். இந்த முறை கழிப்பறையைக் கேட்கவில்லை. நல்ல அடையாளமா?

ஜனவரி 26, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கடைசி நாளான இன்று ஏலம். வளர்ந்துவரும் கலைஞர்கள் ஆளுக்கொரு படம் கொடுக்கவேண்டும். வருகிற பணத்தில் பாதி அவர்களுக்கு, பாதி சந்தைக்கு. அக்கா 'கொடி'யைக் கொடுத்திருந்தாள். படங்களை மேடையில் தூக்கிப் பிடித்து நிற்பது தொண்டர்களின் வேலை. வெள்ளைக் கையுறை. பேசக்கூடாது, முகம் தெரியக்கூடாது. 'கொடி'யைப் பிடிக்கும் பொறுப்பை நான் கெஞ்சி வாங்கினேன்.

அப்பாவும் ராஜப்பன் மாமனும் ஆராதனை முடிந்து நேராக வந்துவிட்டார்கள். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, அப்பா கையில் வேதப்புத்தகம் வைத்த தோல் பை. ஜீன்ஸ் கூட்டத்தில் வேட்டி கட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். வாசலில் நின்ற பெண் அவர்களை மிகப் பெரிய ஆட்கள் என்று நினைத்திருக்கவேண்டும். ஒரு தாளில் பெயர், விலாசம், கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏல எண் எழுதிய அட்டையை ஆளுக்கொன்று கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் ஒரு முறை உண்டு. ஒரு வீட்டார் கொண்டுவந்த பலாப்பழமோ கோழியோ ஏலத்துக்கு வந்தால் அதைச் சொந்தக்காரர்கள் மலிவாகப் போகவிடமாட்டார்கள். விட்டால் வீட்டுக்குக் குறைச்சல். மச்சினன் ஏற்றுவான், அவனுக்கு மேல் வீட்டுக்காரர் ஏற்றுவார். எடுத்தவர் பொருளைக் கொண்டுபோகவும் மாட்டார். மறுபடி ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பணத்தை அடுத்த பண்டிகைக்குள் கட்டினால் போதும். போன வருடம் ஒரே சேவல் பலமுறை ஏலம் போய், கடைசியில் மேசையிலேயே தூங்கிவிட்டது.

'கொடி' எட்டாயிரத்தில் தொடங்கியது. படத்துக்குப் பின்னால் நின்ற எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது. டாக்டர் மோகனனின் குரல் ஒன்பதாயிரம் என்றது. அறியாத ஒருவர்! அப்போது முன்வரிசையிலிருந்து நன்றாக அறிந்த ஒரு குரல்: "பன்னிரண்டு!"

ராஜப்பன் மாமன்.

"பதினஞ்சு!" அது அப்பா.

டாக்டர் விடவில்லை. மாமனும் விடவில்லை. "அளியா, நீ கேறுதா? அப்ப நானும் கேறுதேன்," என்று மச்சினனோடு போட்டிபோட்டு அப்பா சிரிப்பதுகூடக் கேட்டது. நான் என்ன செய்வேன்? கையுறை போட்ட கையால் படத்தை ஆட்டினேன். ஏலம் விட்டவர், "பாருங்கள், காற்றில் அசைவதுபோலவே இருக்கிறது!" என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் நாற்பதில் நின்றுவிட்டார். மாமன் நாற்பத்திரண்டு. அப்பா நாற்பத்தைந்து. சுத்தியல் விழுந்தது.

அப்பா எழுந்தார். "இருக்கட்டு. நான் திருப்பித் தாறேன். இன்னொருக்கா விளியுங்க!"

ஹால் முழுவதும் கைதட்டியது. எதற்கென்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஏலம் விட்டவர் மறுபடி விளிக்கவில்லை; வாங்கியவர் என்று அப்பா பெயரையே எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

மாமனின் ஜீப்பில் வீடு திரும்பினோம். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"வித்ததா?"

"வித்தது," என்றார் அப்பா.

"ஆரு வாங்கினது?"

அப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். "நானாக்கும்."

"வேற ஆரும் கேக்கல்லியா?"

"கேட்டாங்களே! ஒனக்க அண்ணன் கேட்டான்."

அம்மா உள்ளே போய்ச் சட்டியைப் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

ஜனவரி 27, திங்கள்

ஸ்வப்னா மேடம் அக்காவை அழைத்தார். சந்தையின் பேச்சே அப்பாதானாம். வேட்டி கட்டி வந்து, டாக்டரை வீழ்த்தி, வாங்கிய படத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்த மர்மச் சேகரிப்பாளர். "யார் அந்தச் செல்லையன் சார்? உன் ஊர்தானே, அங்கே எல்லாரும் செல்லையன்தானா? தெரியுமா?" அக்கா, "பார்த்திருக்கிறேன்," என்றாள். பார்த்திருக்கிறாள், அது பொய் இல்லை. "அவரை விட்டுவிடாதே," என்றாராம் மேடம்.

நான் விதிப்புத்தகத்தை எடுத்து அக்காவிடம் காட்டினேன். கலைஞரின் குடும்பத்தார் ஏலம் கேட்டால் அந்தக் கேள்வி செல்லாது.

"மிண்டாத இரி," என்று என் வாயை அடைத்தாள் அக்கா. "தெரிஞ்சா நான்தான் அப்பாவச் சொல்லி அனுப்பி விலை ஏத்தினேன்னு நினைப்பாங்க."

உண்மை. ஆனால் தெரியாவிட்டால், அப்பா நாற்பத்தைந்தாயிரம் கட்டவேண்டும். அதுவும் உண்மை. அடுத்த அறுப்புப் பண்டிகை வரை அவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதை அப்பா இன்னும் நம்பவில்லை.

அக்கா மார்த்தாண்டம் போவதற்குச் சுடிதார் தேய்த்துவைத்தாள்.

ஜனவரி 29, புதன்

டாக்டர் மோகனன் வீட்டுக்கு வந்தார்! வேறு யாரும் அல்ல, அவரேதான். கார் எங்கள் சந்துக்குள் நுழையாது. ரோட்டில் விட்டுவிட்டு, ரப்பர் பால் சிந்திய வழியில் நடந்து வந்தார். செல்லையன் சாரிடமிருந்து 'கொடி'யை விலைக்குக் கேட்க வந்தாராம். அவர் மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

அப்பா நாற்காலி போட்டார். டாக்டர் ஓட்டுக்கூரையையும், கொடியில் காயும் ஷீட்டுகளையும் மரியாதையோடு பார்த்தார். எவ்வளவு எளிமையாக வாழ்கிறீர்கள் என்றார். அப்போது பின்பக்கத்திலிருந்து அக்கா கையெல்லாம் நீல வண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"ஆர்ட்டிஸ்டும் இங்கேயா?"

"இங்கதான்," என்றார் அப்பா.

"தங்குவதும்?"

"கொறே வருஷமாச்சு. சோறும் இங்கதான். பெயிண்டு, பிரஷ்சு எல்லாத்துக்கும் நானாக்கும் பைசா குடுக்கது."

டாக்டரின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது. கலைஞர்களை வீட்டில் வைத்து ஆதரிக்கிற ஒருவர் இந்தக் காலத்தில், இந்தப் பாறசாலையில்! அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரையாவது இப்படி ஆதரிக்கிறீர்களா என்று கேட்டார்.

அப்பா என்னைக் காட்டினார். "இதும் உண்டு. இது எழுதும்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லவேண்டியது என் பொறுப்பு என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சாயாவோடு அம்மா வந்துவிட்டாள்.

"என்னது, வச்சு ஆதரிக்காரா? சாரே, அது எனக்க மொவளாக்கும். நான் பெத்தது. அவரு ஒண்ணும் ஆதரிக்கல்ல."

டாக்டர் சாயாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு, "அப்படியானால் அந்த ஏலம்…" என்று இழுத்தார். நான் ஓடிப்போய் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

போகும்போது டாக்டர் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

சந்தைக் குழு கூடியதாம். அப்பா கேட்டது செல்லாது. அடுத்தவர் ராஜப்பன் மாமன், கலைஞரின் தாய்மாமன், அதுவும் செல்லாது. அதற்கடுத்தவர் டாக்டர். ஆனால் தன்னை நாற்பது வரை ஏற்றிவிட்டது அந்த இருவரும்தான் என்றும், அவர்கள் இல்லாவிட்டால் தன் முதல் கேள்வியே கடைசிக் கேள்வியாக இருந்திருக்கும் என்றும் டாக்டர் வாதிட்டார். குழு ஒப்புக்கொண்டது. 'கொடி' ஒன்பதாயிரத்துக்கு டாக்டர் மோகனனுக்கு. சந்தையின் பாதியும் படத்துக்குச் சட்டம் போட்ட செலவும் போக, அக்காவுக்கு ஒரு செட் பிரஷ் வாங்கலாம்.

கண்ணீர் சிந்திய மனிதர் இப்படிப் பேரம் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை.

ஸ்வப்னா மேடத்திடமிருந்து ஒரு வரிதான் வந்தது: 'இனிமேல் நடக்கும் கண்காட்சிகளுக்குக் குடும்பத்தாரை அழைத்து வரவேண்டாம்.' அக்கா அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'இனிமேல் நடக்கும்' என்ற இடத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள்.

அம்மாவிடம் தொகையைச் சொல்லத் தயங்கினோம். அவள் கேட்கவே இல்லை.

"அந்த டாக்டர் நம்ம சபையா?"

"இல்ல."

"உங்க அப்பனுக்க வகையில ஏதாவது?"

"இல்லம்மா."

"செரி," என்று மீன் கழுவப் போனாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அக்கா மார்த்தாண்டம் போகவில்லை. அம்மாவே காலையில் ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டாள். "மொவளுக்கு இஞ்ச வேலை உண்டும்," என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

பள்ளி விடுமுறை. பி.பி. பார்க்கவேண்டும், துணைக்கு வா என்று அம்மா என்னை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப்போனாள். பாறசாலையிலேயே பி.பி. பார்ப்பார்கள் என்று நினைவுபடுத்தினேன். "அங்க செரியா பாக்க மாட்டாங்க," என்றாள். டாக்டர் மோகனனின் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

காத்திருக்கும் அறையில், மருந்து வாங்கும் ஜன்னலுக்கு மேலே 'கொடி'யை மாட்டியிருக்கிறார்கள். அம்மா டோக்கன் எடுத்தாள். அருகில் காலி இருக்கைகள் இருந்தும், நேர் எதிரே இருந்த இருக்கை காலியாகும் வரை நின்றாள்.

பக்கத்தில் காலில் கட்டுப் போட்ட ஒரு அம்மா. அவரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நைட்டிய பாத்தீங்களா? கை கிழிஞ்சிருக்குத கூட வரச்சிருக்கு. ஆரு வரச்சதோ?"

நான் வாயைத் திறந்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"எனக்கு அறியாது," என்றாள் அம்மா. "நல்ல கைய்யாக்கும்."

"ஆமா. பாத்தா நம்ம வீடு போல இருக்கு," என்றார் அந்த அம்மா.

"அப்பிடியா?" என்றாள் அம்மா. "இன்னும் சொல்லுங்க."

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அம்மா எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். நான் அவள் கையைத் தொட்டேன். "அடுத்த ஆளு போவட்டு," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.