சூசையின் கள்ளச் சீட்டு

1986 மாசி, ஞாயிறு இரவு

படகில் தலை அடிபட்ட பிறகு சீட்டில் கள்ளமும் வாயில் நக்கலுமாக இருந்த என் நண்பர் சூசை சாதுவாகிவிட்டார். "இந்தாள் என்ரை மனிசன் இல்லை, அண்ணை" என்று அவர் மனைவி றீற்றா என்னிடம் அழுதாள். மூளையில் பட்ட அடி குணத்தையே மாற்றிவிடும் என்றார் டொக்டர். நானும் நம்பினேன்.

இன்று குருநகரில் அவர் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடினோம். சூசை ஒரு சீட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்தார். கையைப் பிடித்தேன்.

"நீர் பேப்பரிலை எழுதுற பொய்யிலும் பாக்க இது சின்னன், காணும்" என்று பத்திரிகைக்காரனான என்னைப் பழையபடி நக்கலடித்தார் சூசை.

றீற்றா அகப்பையோடு ஓடிவந்தாள். "கள்ளன் வந்திட்டான்! என்ரை கள்ளன் வந்திட்டான்!"

மூளையின் வீக்கம் வற்றிவிட்டது என்பார் டொக்டர். இருக்கலாம். இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தீர் என்று சூசையிடமே கேட்டேன்.

"கதையை விட்டிட்டுச் சீட்டைப் போடும்."

அடுத்த ஆட்டத்திலும் ஒளித்தார். கண்டும் நான் சொல்லவில்லை.